என் ஜீப்பின் புகைப் பெட்டி

யாராவது எதையாவது இலவசமாகக் கொடுத்தால் சந்தேகப்படாமல் வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. கம்பத்திலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலிப் பெண்களை ஏற்றிப்போகும் என் பழைய டீசல் ஜீப்புக்குப் புகைவடிகட்டி மாட்டித் தருகிறோம், சோதனைக்கு ஓட்டிக் காட்டினால் போதும் என்று ஒரு கம்பெனி வந்தபோதும் அப்படித்தான். சைலன்சர் குழாயின் நடுவில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் தேன்கூடு மாதிரி ஒரு கட்டி. புகையிலுள்ள கரியை அது பிடித்துக்கொள்ளும், ஏற்றத்தில் சூடேறும்போது கரி தானே எரிந்துவிடும் என்றார் அதை மாட்ட வந்த கம்பெனி ஃபிட்டர். ஆள் எண்ணும் கருவி எதையாவது உள்ளே வைத்து, செக்போஸ்ட்டில் என்னைக் காட்டிக்கொடுப்பார்களோ என்று குனிந்து குனிந்து பார்த்தேன். என் ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நான் சம்மதித்தது கோம்பையிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்காக. அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. ஜீப்பின் திறந்த பின்பக்கம் வழியாகப் புகை உள்ளே சுருண்டு வரும் என்பதால், எப்போதும் என் பக்கத்து முன்சீட்டுத்தான் அவருக்கு. "போட்டுத்தான் பாருங்கண்ணே, பின்னாடி உக்கார்றவுக கரியத்தான குடிக்கிறாக" என்றார். பெட்டியை மாட்டியதும், யாரும் மாற்றிவிடக் கூடாதென்று போல்ட்டுகளில் மனைவியின் நகப்பூச்சால் அடையாளக் கோடு போட்டேன்.

இரண்டாம் வாரமே கம்பம்மெட்டு ஏற்றத்தில் வண்டி திணறியது. ஃபிட்டருக்குப் போன் போட்டால், "ஏர் ஃபில்டரைப் பாருங்க" என்றார். பழியை என் வண்டி மேலேயே போடுகிறாரே என்று கொதித்துப்போனேன். மெக்கானிக்கிடம் சொல்லிக் கட்டியை உருவிவிட்டு, கம்பெனிக்காரர்கள் கண்ணுக்குத் தெரிவதற்காக வெறும் பெட்டியை மட்டும் திரும்ப மாட்டினேன். மெக்கானிக்கையும் நம்பாமல் கட்டியைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சில நாள் கழித்து, முழங்கால் வலியோடு வந்த ஒருத்திக்கு முன்சீட்டை விட்டுக்கொடுத்தார் கோம்பைப் பெண். "அதான் பெட்டி மாட்டிருக்கே" என்று பின்னால் ஏறிக்கொண்டார். தடுத்திருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பினேன்.

பாதி ஏற்றத்தில் பெண்கள் தகரத்தைத் தட்டிக் கத்தினார்கள். வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், மூச்சு விசிலடித்தது, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். மூச்சு கொஞ்சம் சீரானதும் சொன்னார்.

"பெட்டிய நம்பித்தாண்ணே பின்னாடி உக்காந்தேன்."

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் ஆத்தா" என்றேன். அத்தனை பெண்களும் சேர்ந்து அந்த ஃபிட்டரைத் திட்டித் தீர்த்தார்கள்.

அன்று மாலையே கட்டியைத் திரும்ப மாட்டினேன். ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பார்த்தேன். புழுதி கெட்டியாக அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகு, பெட்டியோடேயே வண்டி நன்றாக ஏறுகிறது.

அவர் மறுபடி முன்சீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் தினமும் ஏறுமுன் பின்பக்கம் போய், தலைக்குக் கட்டும் வெள்ளைத் துண்டின் நுனியைப் புகைக்குழாயில் காட்டிப் பார்க்கிறார். உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று பல நாள் வாயெடுத்து, விழுங்கியிருக்கிறேன். நேற்றும் துண்டைக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கரி இல்லண்ணே. ஆனாலும் அந்தக் கம்பெனிக்காரவுகள நம்பாதீக. நீங்க வண்டிய நிப்பாட்டப் போயித்தான் அன்னைக்கு நான் பொழச்சேன்."

நான் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.