நாலாவது கால்

புதுக்கோட்டையில் திருச்சி ரோட்டோரம் இருக்கும் கண்ணுசாமியின் பட்டறையில், சுடர்விழியிடம் "வேலை முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. "ஆட்டிப் பாத்தியா?" என்று அடுத்த நொடியே கேட்பாள். கம்ப்யூட்டரில் மெஷின் வரைவது அவள் வேலை. பாகங்களைத் தனித்தனியாக வரைந்து, பிறகு ஒன்றோடு ஒன்றைச் சேர்ப்பாள். இந்தத் துளைக்குள் இந்த ஷாஃப்ட், இந்தப் பக்கத்தோடு அந்தப் பக்கம் என்று அவள் போடும் ஒவ்வொரு கட்டுக்கும் மேட் என்று பெயர். கட்டுப் போடாத பாகம் திரையில் அந்தரத்தில் மிதக்கும். அளவுக்கு மீறிக் கட்டினாலோ சுழல வேண்டியதும் கட்டையாக நிற்கும். எல்லாம் போட்டு முடித்ததும் மவுஸால் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். ஆட வேண்டியது ஆட வேண்டும், ஆடக்கூடாதது அசையக்கூடாது. பதினோரு வருஷ அனுபவத்தில் அவள் நம்புவது இவ்வளவுதான்.

ஆவூர் சூசைராஜ் வாத்தியாரின் மகள் அவள். தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். தலைக்கனம் பிடித்தவள் என்று பட்டறையில் பேச்சு உண்டு. கனமுள்ள தலைக்குத்தானே அது வரும், மற்றவர்களுக்கு ஏது?

மீமிசலில் விசைப்படகு வைத்திருக்கும் ஐயனார், தனக்கும் தன் கூட்டாளிகளுக்குமாகப் பத்து வின்ச் கேட்டு வந்தார். வின்ச் என்றால் வலையை இழுக்கும் உருளை மெஷின். கண்ணுசாமி அதுவரை கடலை உடைக்கிற மெஷின்தான் செய்திருக்கிறார். கடல் அவருக்குப் புதிது. டிராயிங்கைத் திருச்சியில் கொடுத்துவிடலாமா என்று தயங்கினார்.

"நானே போடுறேண்ணே. தப்பு வந்துச்சுன்னா அப்புறம் எல்லா டிராயிங்கையும் திருச்சிக்கே குடுத்துருங்க. நான் பிரிண்ட் எடுத்துக் குடுத்துக்கிட்டு ஓரமா இருந்துக்கிறேன்" என்றாள் சுடர்விழி. கேட்காமலே வாயைக் கொடுத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வின்ச் தயாரானது. பட்டறைத் தரையில் வைத்து ஒரு விரலால் தள்ளினால் உருளை சுற்றியது. ஃபிட்டர் வெற்றிசெல்வன் அதை லாரியில் மீமிசலுக்குக் கொண்டுபோனான். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, படகுல பூட்டிட்டோம். சுத்த மாட்டேங்குது. கம்பி போட்டு நெம்புனாலும் அசையல."

மீன்பிடித் தடைக்காலம் முடிய எட்டு நாள்தான் இருந்தது. கண்ணுசாமி சுடர்விழியையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தார். அறந்தாங்கி தாண்டியதும் "திருச்சிக்காரரு நம்பர் வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். சுடர்விழி மடியில் இருந்த லேப்டாப்பை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

படகு துறையில் கட்டிக் கிடந்தது. ஐயனார் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாங்க தாயி. ஏட்டுச் சொரைக்கா கறிக்கு ஒதவாதுன்னு சும்மாவா சொன்னாக?"

அவள் படகில் ஏறி, வின்ச்சின் நாலு காலின் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தச் சொன்னாள். முதல் மூன்றைத் தளர்த்தித் திரும்ப முறுக்கியபோது ஒன்றும் நடக்கவில்லை. நாலாவதைத் தளர்த்தியதும் அந்தக் கால் பலகையை விட்டு விரல் கனத்துக்கு எழும்பி நின்றது. உருளையைத் தொட்டாள், கிறுகிறுவென்று சுற்றியது. திரும்ப முறுக்கியதும் இறுகிப்போனது.

வெற்றிசெல்வனை ஒரு முனையில் பிடிக்கச் சொல்லித் தளத்தின் குறுக்கே நூல் பிடித்தாள். நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் சரிவு. முன்பக்கம் போகப்போக ஓர் ஏற்றம் வேறு.

"தண்ணி வடியணும்ல தாயி? எந்தப் படகு சப்பையா இருக்கும்?" என்றார் ஐயனார்.

சுடர்விழியும் மொட்டை மாடிக்கு வாட்டம் வைக்காமல் வீடு கட்டாத ஊர்க்காரிதான். ஆனால் படகுத் தளத்தை மட்டும் களத்துமேடு மாதிரி தட்டையாகவே நினைத்து வரைந்திருந்தாள். மூன்று காலைத் தளத்தோடு கட்டி, நாலாவதையும் கட்டப் போனபோது கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் இது வேண்டாத கட்டு என்று சொன்னது. மூன்று உட்கார்ந்தால் நாலாவது தானாக உட்காரும் என்று அதை அழித்துவிட்டாள். தட்டையான தளத்தில் அது சரி. இங்கே தொங்கிய காலைப் போல்ட் போட்டு இழுத்ததில் மெஷினின் இரும்புச் சட்டமே முறுகி, உருளை சுழலும் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டது. எத்தனை பேரை "ஆட்டிப் பாத்தியா" என்று விரட்டியிருப்பாள்! அவளுக்கு அவமானமாக இருந்தது.

"தப்பு என்னோடதுதாண்ணே" என்றாள்.

"கெடக்கு விடுங்க. ஒரு கட்டையக் காலுக்கு அடியில குடுத்துப் பூட்டிருவோம்" என்றார் ஐயனார்.

"பத்துப் படகுக்கும் பத்து வாட்டம்ங்க. கட்டை ஊறும், சுருங்கும், மறுபடி இறுகும். இந்தப் பக்கத்து ரெண்டு காலையும் வெட்டிட்டு, நடுவுல ஒத்தக் கால் வைப்போம்."

"மூணு கால்லயா? நடுக்கடல்ல வலையோட சேந்து இதுவும் போயிரும்!" என்றார் ஐயனார்.

கரையில் படகு ஆட்கள் மூன்று கல்லைக் கூட்டி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். சுடர்விழி அங்கே கையை நீட்டினாள்.

"மேடு பள்ளமான மணல்ல அந்தச் சட்டி ஆடுதா? நாலாவது கல்லு வச்சாத்தாங்க ஆடும். வலை இழுக்கிற பக்கம் ரெண்டு கால் இருக்கு, அது தாங்கும்."

ஐயனார் சட்டியைப் பார்த்தார், சிரிக்கவில்லை.

கண்ணுசாமிக்குத்தான் வேர்த்தது. "வெட்டுனா வெட்டுனதுதான் சுடரு."

"தெரியும்ணே. வெட்டச் சொல்லுங்க."

படகிலேயே சம்மணமிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். பேரிங், ஷாஃப்ட், உருளை எல்லாவற்றையும் அவள் சட்டத்தோடுதான் கட்டியிருந்தாள், தரையோடு அல்ல. அதனால் காலை மாற்றியதும் மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. இழுத்துப் பார்த்தாள். பிறகு வெற்றிசெல்வனிடம் அளவைச் சொன்னாள். பழுது பார்க்க வந்த வெல்டிங் செட் துறையிலேயே இருந்ததால் மூன்று மணிக்குள் வேலை முடிந்தது.

மூன்று போல்ட்டையும் முழுசாக முறுக்கினார்கள். ஐயனார் ஒற்றை விரலால் உருளையைத் தள்ளினார். சுற்றியது. அவர் விரலை எடுத்த பிறகும் சுற்றியது.

"சுத்துறது சரி தாயி. நிக்குமா?"

"ஆட்டிப் பாருங்க" என்றாள்.

அவர் தோளைக் கொடுத்து முட்டினார். இன்னும் இரண்டு ஆள் சேர்ந்து முட்டினார்கள். படகு ஆடியது, வின்ச் ஆடவில்லை.

கண்ணுசாமி போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். திருச்சிக்குத்தான் என்று நினைத்து சுடர்விழி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பேசியது பட்டறையோடு.

"மிச்ச ஒம்பதுக்கும் காலு செய்யாம நிப்பாட்டி வைங்க. சுடரு புது டிராயிங் அனுப்பும். அதுல இருக்கபடி செய்ங்க, என்னையக் கேக்க வேணாம்."