ஆம்ப்ரோஸின் பெட்டியும் ஆல்வினாவின் கடலும்

ஆல்வினா ஷ்மிட்பெர்கர் யாரோடும் சண்டை போட்டதாக மேற்கு கான்சாஸில் ஒருவராலும் சொல்ல முடியாது. சண்டை எதற்கு? அவள் ஏற்பாடு செய்வாள்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் அண்டா தூக்கியவள். சில்லிக் குழம்பு ஊற்றினால் பக்கத்தில் இலவங்கப்பட்டை போட்ட ரொட்டிச் சுருள் ஒன்று வைத்தே ஆகவேண்டும். அந்த ஊரில் அது சட்டம் மாதிரி. புதிதாக வந்த தலைமையாசிரியர் சர்க்கரை கூடாது என்று சுருளை நிறுத்தச் சொன்னார். “சரி, நிறுத்திடலாம்” என்றாள் ஆல்வினா, பூப்போல. பெற்றோர் வந்து சாப்பிடும் நாளில் குழம்புக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு வெந்த கேரட் வைத்தாள். வயல்வேலையை விட்டுவிட்டு வந்த அப்பாக்கள் தட்டைப் பார்த்துவிட்டு “சுருள் எங்க?” என்று கேட்டார்கள். சிரித்த முகத்தோடு கரண்டியால் தலைமையாசிரியரின் மேசையைக் காட்டினாள். அடுத்த வாரமே சுருள் திரும்பி வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம் கைகூடவில்லை. அவள் கடலைப் பார்த்ததில்லை.

வசதி இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்றபின் மூன்று குளிர்காலம் புருஷனும் பெண்டாட்டியும் டெக்சஸ் கடற்கரைக்கென்று கிளம்பினார்கள். மூன்று முறையும் பாதி வழியில் திரும்பினார்கள். காரணம், பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் குறுக்காகக் கிடந்த அந்த அலுமினிய டூல்ஸ் பெட்டி. ஆம்ப்ரோஸ் தானியக் கூட்டுறவில் இயந்திரம் பார்த்தவர், தங்கமான மனிதர். அந்தத் தங்கம்தான் தொல்லை. வழியில் எவன் பானட்டைத் திறந்து வைத்திருந்தாலும் அவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். முதல் வருஷம் ஓக்லஹாமாவில் முன்பின் தெரியாத ஒருவனின் வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டினார். அடுத்த வருஷம் ஒரு கோவிலின் கணப்படுப்பு. அதற்கடுத்த வருஷம் ஒரு சர்க்கஸ்காரனின் ஜெனரேட்டர். அதற்குள் தவக்காலம் வந்துவிடும். வெள்ளிதோறும் பங்குக் கோவிலில் மீன் வறுக்கும் எண்ணெய்ச் சட்டி ஆம்ப்ரோஸ் பொறுப்பு. வண்டியைத் திருப்பு.

“பெட்டிய வீட்ல வெச்சிட்டு வா, ஆம்ப்ரோஸ்” என்று அவள் நேராகவே கேட்டுப் பார்த்தாள்.

“வழியில நமக்கே ஏதாவது ஆச்சுன்னா?”

“நமக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம்தான் ஆகுது.”

“பாத்தியா, பெட்டி இருக்கறதாலதான் நமக்கு ஆகல” என்றார் அவர், ரொம்ப நிதானமாக. இப்படிப் பேசுகிறவரிடம் வாதாடி என்ன பயன்?

ஆகவே ஏற்பாடு. அவர்கள் இழுத்துப் போகும் பழைய ட்ரெய்லர் வீடு பம்பருக்குப் பின்னால் மாட்டும் ரகம். அதைக் கொடுத்துவிட்டுப் பெரிய ரகம் வாங்கலாம் என்று ஆல்வினா நச்சரித்தாள். பெரிய ரகத்தின் மூக்கு பிக்கப்பின் தொட்டிமேலே நீண்டு வந்து, தொட்டி நடுவில் பதித்த இழுவைப் பூட்டில் உட்காரும். நேராகப் போகும்போது தகராறு இல்லை. திருப்பத்தில் அந்த மூக்கின் மூலை ஓட்டுநர் அறைப் பக்கம் வீசி வரும். குட்டைத் தொட்டி வண்டியில் உயரமான டூல்ஸ் பெட்டியும் வைத்து இதையும் மாட்டினால் இடிக்கும் என்று விற்பனைக்காரன் எச்சரித்தான். ஆல்வினா அந்த இடத்திலேயே பேரத்தை முடிக்கச் சொன்னாள்.

ஆம்ப்ரோஸ் அசரவில்லை. அட்டையை வெட்டி ட்ரெய்லர் மூலை மாதிரி செய்தார். அளந்தார், தாடையைத் தடவினார், மறுபடி அளந்தார். பெட்டியை ஓட்டுநர் அறையோடு ஒட்டி நகர்த்தினார். பூட்டை அதன் அடிச்சட்டத்தில் கடைசித் துளைவரைக்கும் பின்னால் தள்ளி நான்கு இரும்புப் பின் போட்டு இறுக்கினார். பிறகு ட்ரெய்லரை மாட்டிக் கூட்டுறவு முற்றத்துக்கு ஓட்டிப் போய், காபிக் கோப்பையோடு நின்ற கிழவர்கள் முன்னால் வண்டியை மெல்ல ஒடித்தார். அவர்களில் யூஜின் என்பவன் தொட்டியில் ஏறி நின்றுகொண்டு நேர்முக வர்ணனை கொடுத்தான்.

“வா... வா... இன்னும் ஒடி... ஏய் ஆல்வினா, உன் வீட்டுக்காரன் மந்திரவாதிடி! நாலு விரல் நுழையுது பாரு!”

“நல்லா பாரு யூஜின். நாலு விரலா?”

“நாலு விரல் தாராளமா! பெட்டியும் இருக்கும், ட்ரெய்லரும் இருக்கும், உனக்குக் கவலையே வேண்டாம்!”

முற்றமே கைதட்டியது. ஆல்வினாவும் தட்டினாள். பாவம், அன்றைக்கு அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. இந்த வருஷமும் போகாவிட்டால் பிறகு எப்போது? முழங்கால் ஏற்கெனவே முனக ஆரம்பித்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ரோஸ் சீட்டாடப் போனார். ட்ரெய்லர் கழற்றி நின்றிருந்தது. ஆல்வினா ஏப்ரனோடு பிக்கப் தொட்டியில் ஏறினாள். நான்கு பின்னையும் பிடுங்கினாள். பூட்டின் தலை எந்தப் பள்ளிக்கூட அண்டாவையும்விடக் கனம். முதல் இழுப்பில் அது நகரவே இல்லை. தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு, அவர்களிடம் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையும் சொன்னபிறகு நகர்ந்தது. ஒரே ஒரு துளை முன்னால். பின்களைச் செருகினாள். இறங்கி, ஒன்றும் தெரியாதவளாகக் கறிரொட்டிக்குள் அடைக்க முட்டைக்கோஸ் நறுக்கப் போனாள்.

புறப்படும் நாள் காலையில் ஆம்ப்ரோஸ் ட்ரெய்லரை மாட்டினார். தொட்டியில் ஏறிப் பூட்டைச் சோதித்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்ததாக அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவர் இறங்கி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். வாசல் கேட்டில் இடதுபக்கம் ஒடித்தார்.

கடமுடவென்று ஒரு சத்தம்.

பெட்டியின் மூடி அப்பளம் மாதிரி மடங்கிப் போயிருந்தது. ஆம்ப்ரோஸ் இறங்கிப் பார்த்தார். பூட்டைக் குனிந்து பார்த்துவிட்டால் கதை கந்தல். அவர் மூடியை மட்டும் தடவினார்.

“யூஜினுக்கு விரல் ரொம்ப மெலிசு போல” என்றார்.

“ஐயோ, இப்ப என்ன பண்றது?” என்றாள் ஆல்வினா. நடிப்பு பிரமாதம்.

“இறக்கி வெச்சிட்டுப் போக வேண்டியதுதான்.”

கருவிகளை ட்ரெய்லர் அலமாரிகளில் அடுக்கலாமா என்று திறந்து பார்த்தார். எல்லாவற்றிலும் சில்லி ஜாடி, ஊறுகாய் ஜாடி, உறைந்த கறிரொட்டி. ஒரு ஸ்பானர் நுழைய இடமில்லை.

ஓக்லஹாமா எல்லை தாண்டியதும் முதல் வண்டி பானட்டைத் திறந்தபடி நின்றது. ஆம்ப்ரோஸின் கால் பிரேக்குக்குப் போனது.

“உங்கிட்ட என்ன இருக்கு?” என்றாள்.

“கை இருக்கு.”

“அதால ஸ்டியரிங்கப் பிடி.”

பழுதுபார்க்கும் கடைக்காரனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டுத் தாண்டினார்கள். இரண்டாவது வண்டியை அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டெக்சஸில் பெட்ரோல் போட நின்றபோது கடைக்குள் ஸ்க்ரூடிரைவர் மாட்டியிருந்த சுவருக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஒன்று வாங்கிக்கொள் என்று சொல்லவில்லை.

கடல் வந்தது. பழுப்பும் சாம்பலுமாக, ஒரு பெரிய சத்தத்தோடு கிடந்தது. கரையோர முகாமில் வண்டி நின்றதும் ஆல்வினா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கால்வரைக்கும் இறங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உப்புக்காற்று என்று சொல்லிக்கொண்டாள்.

“நம்ம ஊர் கோதுமை மாதிரியேதான் இருக்கு. அறுக்க வேண்டாம், அதான் வித்தியாசம்” என்றார் பின்னால் வந்து நின்ற ஆம்ப்ரோஸ். பிறகு கடலையே பார்த்தபடி கேட்டார். “அந்தப் பூட்டுத் தலைய நீ தனியாவா தூக்கின?”

ஆல்வினா குனிந்து பாவாடை நுனியைப் பிழிந்தாள்.

“எந்தத் தலை?”

“யூஜினக் கூட்டு சேத்துக்கிட்டியோன்னு நெனச்சேன்.”

“அந்த வாயாடியையா?” என்று சீறிவிட்டு, மாட்டிக்கொண்டதை உணர்ந்தாள். “தனியாத்தான். எப்ப தெரியும் உனக்கு?”

“மாட்டும்போதே. நாலு பின்னையும் தலைகீழா செருகியிருந்த.”

அவள் திரும்பி அவரை நன்றாகப் பார்த்தாள். “மாட்டும்போதேவா? கேட்டுக்கு முன்னாடியேவா? பின்ன எதுக்குய்யா ஒடிச்ச? அது இருபது வருஷப் பெட்டியாச்சே!”

ஆம்ப்ரோஸ் தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அந்த வாரம் பூரா நீ குனிய முடியாம என்னைச் சாக்ஸ் போட்டுவிடச் சொன்னல்ல? அவ்வளவு கஷ்டப்பட்டு நகத்தி வெச்சிருக்க. எப்படித் திருப்பி வெக்கறது?”

ஊரையே ஏற்பாடு செய்தவளை ஒரு மனிதன் ஏற்பாடு செய்துவிட்டான். ஆல்வினாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு கை கடலை அள்ளி அவர் முகத்தில் வீசினாள். பிறகு அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, முகாமில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்க முத்தம் கொடுத்தாள்.

முகாமின் கோடியில் ஒரு இளைஞன் தன் வேனுக்கடியில் படுத்துக்கொண்டு ஏதோ திட்டிக்கொண்டிருந்தான். ஆம்ப்ரோஸ் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் படாதபாடு படுவது அவளுக்குத் தெரிந்தது.

“போ” என்றாள். “அவன்கிட்டயே ஸ்பானர் இருக்கும்.”

“நெஜமாவா?”

“நான் இங்கதான் இருக்கப் போறேன்.”

ஈரச் சட்டையோடு அவர் கிட்டத்தட்ட ஓடினார். ஆல்வினா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போனாள்.