நின்று சொன்ன உதாரணம்

தர்க்கமும் மொழியும் கற்பிப்பது என் பிழைப்பு. எதிரே இருக்கும் ஆளையே உதாரணமாக்கிப் பேசுவது அந்தப் பிழைப்பில் ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம்.

ஒருவர் பேச்சை மக்கள் எப்போது நம்புகிறார்கள் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய, எழுபதுகளின் கடைசியில் போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினேன். சாமை பயிரிடும் ஒருவர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். பத்து நாள் அவர் வீட்டுக் களியைத்தான் தின்றேன்.

அன்று காலை புளியமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. ஒருவனுடைய உழவுக் காளையைக் காணவில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? ஊர்த்தலைவரிடம் அனுமதி கேட்டு, வகுப்பில் நிற்பதுபோல் எழுந்து நின்றேன். தெரிந்த முகமாயிற்றே என்று எனக்கு இடம் கொடுத்தவரைக் காட்டினேன்.

“இவர்தான் காளையைத் திருடினார்னு வெச்சுக்குவோம். இவரு இல்லைன்னு மறுத்தா, நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

காளைக்காரன், முனையில் ஆணி வைத்த தார்க்குச்சியால் அவர் வாயில் அடித்தான். பல் தெறித்தது. அவன் தம்பிகள் இருவரும் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

“சும்மா உதாரணத்துக்குச் சொன்னேங்க” என்று கத்தினேன்.

தலைவர் கையைத் தூக்கினார். அடி நின்றது.

“குந்திகினு சொன்னா அது பேச்சு சார். நின்னு சொன்னா சாட்சி. நீங்க நின்னுதான் சொன்னீங்க. இப்போ இன்னா, பொய்ச் சாட்சின்றீங்களா? அப்படின்னா அவருக்கு வுழுந்தது உங்களுக்கும் வுழும்.”

ஆமாம் என்றால் போதும், அவரை விட்டுவிடுவார்கள். “சொல்லு சார்” என்றார் அவர், ரத்தம் வழியும் வாயோடு. நான் அந்த ஆணியையே பார்த்தேன். தூ, நானும் ஒரு மனுஷன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி அடி விழுந்தது. ஆணி அவருடைய இடது கண்ணில் இறங்கியது.

காளை மூன்றாம் நாள் தானாகவே பட்டிக்குத் திரும்பியதாகப் பிறகு போளூர் சந்தையில் கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்கக்கூட நான் மறுபடி மலையேறவில்லை.

அந்த ஊர் சாட்சி சொல்லும் முறையைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதினேன். தேர்வாளர்கள் அதைத்தான் மெச்சினார்கள். அதனால்தான் எனக்குக் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. நன்றியுரையில் எனக்குக் களி போட்டவர் பெயரை முதலில் போட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் போட்டேன்.