தலைப்பேனும் இலைப்பேனும்

கோதண்டபாணியை எங்கள் பக்கத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டிமான்ஸ்ட்ரேட்டர்' என்ற உத்தியோகப் பேரும் வாயில் நுழையவில்லை. அதனால் 'பூச்சி ஐயா' ஆகிவிட்டார். விவசாய இலாகாக்காரர். திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளில் வருவார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இருக்கும். அவர் விழுப்புரத்துக்கு மாற்றலாகிப் போனபின்னும், கூலியாகக் கிடைத்த புது மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், ஒரு படியை என் அம்மா குப்பம்மாள் அவருக்குக் கொடுத்தனுப்பாமல் இருந்ததில்லை. அவ்வளவு நன்றி.

நாற்பத்தொன்றாம் வருஷம். அம்மா களை வெட்டப் போகும் நிலத்துக்காரி லட்சுமியம்மாளின் மல்லாட்டைக் கொல்லையில் கொழுந்தெல்லாம் சுருண்டுபோயிற்று. கோதண்டபாணி ஒரு கொழுந்தைத் தன் வெள்ளைத் துண்டில் தட்டினார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நாலைந்து பூச்சிகள் ஓடின. "இலைப்பேனுங்க" என்றார். புகையிலைக் கஷாயம் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

பேன் என்றதும் லட்சுமியம்மாளின் புத்தி வேறு பக்கம் போயிற்று. களை வெட்டிய அம்மாவும் மற்றப் பெண்களும் கையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பூச்சி மேலே ஊர்ந்தால் சுருக்கென்று கடிக்கும்; சொறியாமல் என்ன செய்வார்கள்?

"உங்க தலைப்பேனு எறங்கித்தான் எம் பயிரு பூடுச்சு. நாளையிலேர்ந்து யாரும் கொல்லையில கால வெக்காதீங்க."

எங்கள் சேரிப் பெண்களைப் பற்றியென்றால் எதையும் நம்ப ஊர் தயார். மற்றக் கொல்லைக்காரர்களும் வேண்டாமென்றார்கள். களையெடுப்பில் வேலை இல்லையென்றால் எங்களுக்குக் கேப்பைக் கூழும் இல்லை.

மறுவாரம் வந்த கோதண்டபாணி இதைக் கேட்டதும், பெண்களையும் கூட்டிக்கொண்டு நேராக லட்சுமியம்மாள் வீட்டு வாசலுக்குப் போனார். வழியில் பறித்த கொழுந்தைத் துண்டில் தட்டினார்.

"இலைப்பேனுங்கற பேரை இந்த ஊருக்குக் கொண்டாந்தவன் நாந்தாங்க. தலைப்பேனுக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. ஒரு தலைப்பேன் குடுங்க, பக்கத்துல வெச்சுக் காட்டிடறேன்."

அங்கேதான் வம்பு. அவமானம் தாங்காமல் பெண்கள் வேப்பெண்ணெய் தேய்த்து வாரி வாரி, மருந்துக்குக்கூட ஒரு பேன் மிச்சம் வைக்கவில்லை. லட்சுமியம்மாளே உள்ளே போய் ஈருகொல்லியை எடுத்துவந்து, தன் தலையை வாரித் துண்டில் தட்டினாள். ஒன்று விழுந்தது. அதற்கு மட்டும் அவளை மெச்சத்தான் வேண்டும்.

"பாருங்க, தலைப்பேனுக்குக் கால்ல கொக்கி, மயிரைப் புடிச்சுக்கினு இருக்க. றெக்கை கெடையாது. இலையில இருக்கிறதுக்கு நாலு றெக்கை, ஓரமெல்லாம் மயிரு. கொக்கி இல்ல. கொக்கி இல்லாதது தலையில எப்படிங்க தங்கும்?"

லட்சுமியம்மாள் பூதக்கண்ணாடியில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோதண்டபாணி கண்ணாடியை அம்மா கையில் கொடுத்தார். அப்படி ஒரு பொருளை எங்கள் கையில் அதுவரை யாரும் கொடுத்ததில்லை. அதற்காகவே அவர் குலம் தழைக்க வேண்டும்.

அம்மா தலைப்பேனைக் குனிந்து குனிந்து பார்த்தாள். வெள்ளந்தியாய்ச் சொன்னாள்:

"எங்க தலையில இருந்ததும் அச்சு அசலு இதாங்க. ஒரு வித்தியாசமும் இல்லீங்க."

மற்றப் பெண்கள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். லட்சுமியம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

"காலையில ஜல்தியா வா, குப்பு. எல்லாரையும் கூட்டிக்கினு வா."