ஒரு மழையைத் தாங்க வேண்டிய தார்

பழுப்புக் காகிதத்தில் வடையை வைத்தால் எண்ணெய் எப்படிப் பரவும் என்று எனக்குத் தெரியும். தார் எப்படிப் பரவும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தலையெழுத்து கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது.

என் கணவர் ரோட்டு வேலையில் ஓவர்சீயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நாகர்கோவிலிலிருந்து மேற்கே போகிற ரோடு அப்போது வெறும் சல்லியும் செம்மண்ணும்தான். ஒரு பஸ் போனால் எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாது. தார் போட்டுப் பார்க்கலாம் என்று மேலிடத்தில் தோன்றி, எங்கள் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவே இருந்த கொஞ்ச தூரத்தை இவரிடம் ஒப்படைத்தார்கள். எந்த மணல், எந்த அளவுச் சல்லி, எவ்வளவு தார் என்பதை இவரே கலந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். போட்ட ரோடு, வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழை ஒன்றைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் கீரிப்பாறைக்கு மேலே மலைப்பாதை வெட்டுகிற கூட்டத்தோடு போய்ச் சேர வேண்டியதுதான் என்று பெரிய எஞ்சினீயர் சொல்லிவிட்டார்.

மலை என்றாலே எனக்குப் பயம். என் அண்ணன் ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கு எழுதப் போனவன். மலைக்காய்ச்சலோடு வண்டியில் படுத்த வாக்கில் திரும்பி வந்தான். அந்த வாரத்தைத் தாண்டவில்லை. அதனால் இந்தத் தார் விஷயத்தில் அவரைவிட எனக்குத்தான் பதற்றம் அதிகம். ஒரு இடத்தில் உட்கார முடியாது. அடுப்பில் உலை கொதிக்கும்போதே வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவேன்.

கலவையை அவர் சோதித்ததும் என் அடுக்களையில்தான். என் இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி, உருக்கிய தாரை அளந்து ஊற்றிக் கிளறுவார். ஒரு கரண்டி எடுத்துக் காகிதத்தில் வைத்து, மடித்து, மரக்கட்டையால் அழுத்துவார். உதறிவிட்டால் கறை மட்டும் நிற்கும். கறை கறுத்துப் பரவினால் தார் அதிகம். வெளுத்து நின்றால் தார் போதாது. என் மீன்குழம்பு முழுக்கத் தார் நாற்றம்.

"ஏட்டி, இந்தக் கறையப் பாரு. எப்பிடி இருக்கு?" என்பார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? உங்க எஞ்சினீயருட்ட போய்க் கேளுங்க."

சொல்வேனே தவிர, அவர் குளிக்கப் போனதும் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

முதலில் போட்டதில் தார் கூடிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வெயிலில் இளகிக் கிடந்தது. சபையார் அத்தனை பேரும் அதன்மேல் வெறுங்காலோடு நடந்து வந்து ஆராதனைக்குப் பாயில் உட்கார்ந்தார்கள். எழுந்தபோது வெள்ளை வேட்டிகளைப் பார்க்க வேண்டுமே! "ஓவர்சீயரு நரகத்துக்குல்லா ரோடு போட்டிருக்காரு!" என்று ஒருவர் உரக்கவே சொன்னார். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இவரோ முடிவு ஜெபத்தின் நடுவிலேயே வெளியே போய், காலடித் தடம் எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தாரைக் குறைத்தார். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை சல்லியைப் பொரிகடலை மாதிரி பெயர்த்துப் போட்டது. வானமோ மேற்கே கறுக்கத் தொடங்கிவிட்டது. அவர் சாப்பாட்டில் கை வைத்தபடியே யோசிப்பார். நான் எரிந்து விழுவேன். கடைசியில் கல் உடைக்கிற இடத்திலிருந்து தூளை அள்ளி வந்து, மெல்லிய துணியில் சலித்து, மணலோடு சேர்த்தார். அன்று காகிதத்தில் விழுந்த கறை ஓரம் வரை ஒரே சீராக இருந்தது. அந்தக் கலவையையே ரோட்டில் போட்டார்.

மழை வந்தது. சர்ச்சுக்குப் போகிறேன் என்ற சாக்கில் ஓலைக்குடையோடு ரோட்டுக்குப் போவேன். "என்னத்துக்கு இப்பிடி மழையில அலையுதிய? தடுமன் பிடிச்சிரும்" என்று பக்கத்து வீட்டுக்காரி சத்தம் போடுவாள். சர்ச்சுக்கும் போனேன்தான். முழங்காலில் நின்று, வெட்கமில்லாமல், அந்த ரோட்டுக்காக ஜெபித்தேன்.

மழை ஓய்ந்ததும் பெரிய எஞ்சினீயர் வந்து, கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இவர் வீட்டுக்குள் வந்தபோது இருந்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"தாங்கிட்டு, ஏட்டி!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் நிறுத்தவில்லை.

"மலைப்பாதைக்கும் தார் போடப் போறாவளாம். அங்க மண்ணும் வேற, மழையும் வேற. கலந்து பாக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு சொல்லிட்டாரு. திங்கக்கிழம ஏறணும்."

"தோத்தாலும் மலை, ஜெயிச்சாலும் மலையா?"

"அது தண்டனைக்குப் போறது. இது மரியாதைக்குப் போறதுல்லா?"

"காய்ச்சலுக்கு அது தெரியுமா?"

அவர் கறைக் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கும்போதும் அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகவில்லை. அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தோசைச் சட்டுவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பட்டப்பகல். ரோட்டின் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து, ஒரு சல்லியின் அடியில் சட்டுவத்தைக் கொடுத்து நெம்பினேன். ஒரு கல் பெயர்ந்தால் போதும், கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிடலாம், அந்தச் சிரிப்பாவது அடங்கும் என்று நினைத்தேன். கடற்கரையிலிருந்து மீன்கூடையோடு வந்த ஒரு பெண் நின்று பார்த்தாள்.

"என்னத்தயாம் களஞ்சு போட்டியளா அம்மா? தேடித் தரட்டா?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

அவள் போனாள். நான் இன்னொரு இடத்தில் நெம்பினேன், அதற்கடுத்த இடத்திலும் நெம்பினேன். சட்டுவம் வளைந்ததுதான் மிச்சம். ஒரு கல்கூட அசையவில்லை. அவ்வளவு நன்றாகக் கலந்திருந்தார்.