இடது பக்கம் பாடாத ஹெட்போன்கள்

எண்பதுகளின் நடுவில் என் இடது காது மெல்ல மெல்ல என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நான் செய்த ஒரே வைத்தியம், ஹெட்போனை மாற்றியதுதான்.

காது போகிறது என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும்? கண் மங்கினால் பேப்பரைத் தூர நீட்டிப் பிடிக்கிறோம். பல் ஆடினால் முறுக்கு காட்டிக்கொடுத்துவிடும். காது மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போகிறது. உலகம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். யாருமே இப்போதெல்லாம் வாயைத் திறந்து பேசுவதில்லை என்று மனைவியிடம் குறைப்பட்டேன். அவள் ஏதோ பதில் சொன்னாள். அது எனக்குக் கேட்கவில்லை.

ஆபீசில் என்னைத் தலைக்கனம் பிடித்தவன் என்று பேசிக்கொண்டார்களாம். இடது பக்கமிருந்து கூப்பிட்டவர்களையெல்லாம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கோலாலம்பூருக்கு அரசாங்க ஃபைல்களைக் கட்டி அடுக்க வந்த குடும்பத்தில் மூன்றாவது தலைமுறை நான். தலைக்கனம் எங்கள் குலச்சொத்து என்று ஊரே நம்பியதால், வேறு காரணம் இருக்கலாம் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அந்தப் பெயர் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். ரேடியோவில் நாகஸ்வரம் தொடங்கி, வாசிப்பவர் மூச்சைக் கட்டி மேலே ஏறும் நேரம் பார்த்து எஞ்சின் ஒன்று பெட்டிகளை இடித்துக் கோக்கும். பாட்டுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் ஓர் எஞ்சின் நின்றது. எனக்குச் சீட்டாட்டம் கிடையாது. தண்ணி கிடையாது. அரசியல் பேசத் தைரியம் கிடையாது. ஒரு தோடி ராகத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை இடையூறில்லாமல் கேட்டுவிட வேண்டும் என்கிற ஓர் ஆசையைத்தான் வைத்திருந்தேன். அது போனால் என்னிடம் மிஞ்சுவது பென்ஷன் மட்டும்.

அதனால்தான், இடுப்பில் மாட்டிக்கொண்டு காதுக்குள் கேட்கிற கேசட் பெட்டிகள் கோலாலம்பூர் கடைகளில் தொங்க ஆரம்பித்தபோது, எனக்கென்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது போலிருந்தது. எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் நாங்கள் வாக்மேன் என்றே சொல்வோம். அசலை வாங்க வசதி கிடையாது. நான் வாங்கியதற்குப் பெயரே இருக்கவில்லை. பெட்டியின் மேல் ஓடுகிற மனிதன் ஒருவனின் படம் மட்டும் இருந்தது. அதோடு வந்த ஹெட்போனில் ஆரஞ்சுப் பஞ்சு வைத்த இரண்டு வட்டங்களும், அவற்றை இணைக்கும் தகரப் பட்டையும் இருந்தன. ஒரு வட்டத்தில் L, மற்றதில் R.

போட்டுக்கொண்டேன். வலது பக்கம் நாகஸ்வரம் வந்தது. இடது பக்கம் நாகஸ்வரக்காரர் அடுத்த தெருவில் இருந்தார்.

மலிவுச் சாமான், இப்படித்தான் இருக்கும் என்று கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். வாங்கியது அங்கே ஒரு பாயின் கடையில். முன்பக்கம் சாரங்களும் கைலிகளும், பின்பக்கம் எலெக்ட்ரிக் சாமான்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கடைகளிலும் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு கேசட் வைத்திருப்பார்கள். அதில் ஒரு ரயில் ஓடும். இடது காதில் புறப்பட்டு, மண்டைக்குள் புகுந்து, வலது காது வழியாக வெளியேறும். ஸ்டீரியோ என்றால் என்னவென்று ஜனங்களுக்குப் புரியவைக்க யாரோ செய்த ஏற்பாடு. ரயில்வே ஊழியனான எனக்கு மட்டும் அந்த ரயில் எங்கிருந்தும் புறப்படவில்லை. நேராக வலது பக்கம் வந்து சேர்ந்தது.

“இடது பக்கம் சத்தமே இல்ல, பாய்” என்றேன்.

பாய் வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். கண்கள் இடமிருந்து வலமாக ரயிலோடு போயின. “ஜம்முனு ஓடுதே, அண்ணே.”

“எனக்கு ஓடல.”

“புதுசுல அப்படித்தான் இருக்கும். செருப்பு மாதிரி. போட்டுப் பழகினா வந்துரும்.”

“செருப்பு ரெண்டு காலையும்ல கடிக்கும், பாய்? இதுல ஒரு பக்கம்தானே கோளாறு.”

“அண்ணே, நீங்க படிச்சவங்க, உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? இந்தாங்க, வேற ஒண்ணு எடுத்துக்குங்க. இது தைவான். அண்ணன் பேரைச் சொல்லி நான் ஒரு டீ குடிச்சுக்கிறேன்.”

தைவானும் இடது பக்கம் பாடவில்லை.

பிறகு நான் பார்க்காத கடை இல்லை. செராஸில் ஒரு மாடிப்படியின் கீழ் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர், வயரை இப்படிப் பிடித்துக்கொண்டால் கேட்கும் என்று ஒரு கோணத்தைக் காட்டித் தந்தார். அந்தக் கோணத்தில் கழுத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஆபீஸ் போனேன். சுங்கை வேயில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை கூடும் நாளில், மீன் பொரிக்கிற அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சீனர் ஹெட்போன்களைக் கயிற்றில் கொத்தவரங்காய் போலத் தொங்கவிட்டிருப்பார். “தெஸ் லா, பாஸ்! தெஸ் ஃப்ரீ!” என்று டெஸ்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லிக் கூவுவார். நான் ஒவ்வொன்றாகத் தெஸ் செய்தேன். கொஞ்ச நாளில் என் தலையைத் தூரத்தில் கண்டதும் கூவுவதை நிறுத்திக்கொண்டார்.

எந்தக் கடைக்குப் போனாலும் கதை ஒன்றுதான். அவர்கள் போட்டால் இரண்டு பக்கமும் பாடும். நான் போட்டால் ஒரு பக்கம். இதிலிருந்து நான் எடுத்த முடிவு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹெட்போன் விற்கிற அத்தனை பேரும் பொய்யர்கள் என்பது. தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரும் இந்த நாட்டில் முழு மனதாக ஒன்றுபட்டிருக்கும் ஒரே காரியம் என்னை ஏமாற்றுவது என்று ஆபீஸ் கேண்டீனில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். சிரித்தவர்கள் என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனை ஹெட்போனையும் திருப்பி மாட்டிப் பார்க்க உனக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்கலாம். பிற்பாடு எல்லாரும் கேட்டார்கள். தோன்றவில்லை. L என்று எழுதியிருந்தது. L என்றால் இடது. எங்கள் வீட்டில் அச்சடித்த எழுத்துக்கு மாறாக யாரும் எதுவும் செய்ததில்லை. புகையிலை போடாதே என்று பலகை இருந்தால் புகையிலையே போடாத அப்பா வாயைப் பொத்திக்கொண்டு நடப்பார். அவருடைய பிள்ளை, தயாரித்தவனே இடது என்று எழுதித் தந்ததை வலது காதில் மாட்டுவானா? செய்தால் ஏதோ உடைந்துவிடும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

திருப்பிப் போடுவதற்குப் பதில் வேறொன்று செய்தேன். சத்தத்தைக் கூட்டினேன்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறிய பல் சக்கரம் இருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் சத்தம் ஏறும். இடது பக்கம் எங்காவது ஓர் இழை கேட்கிறதா என்று தள்ளித் தள்ளி, கடைசியில் தள்ளுவதற்கு இடம் இல்லாமல் போனது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து முழுச் சத்தத்தில் வைத்துக்கொள்வேன். காதில் மாட்டிய ஹெட்போனிலிருந்து வழிகிற நாகஸ்வரம் அடுத்த வீட்டு ஆன்டிக்குக் கேட்டதாம். அந்த ஆன்டி என் மனைவியிடம், “அங்கிள் தலைக்குள்ள கல்யாணம் நடக்குதா?” என்று விசாரித்திருக்கிறார். எஞ்சின் இடிப்பது கேட்கவில்லை, அந்த மட்டில் திருப்தி. தோடியில் பாதி வருகிறது, மீதிப் பாதிக்கு நல்ல ஹெட்போன் ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்று இருந்தேன்.

காப்பாரில் மனைவியின் தங்கை வீட்டில் ஒரு விசேஷம். கிள்ளானில் மாறி, காப்பார் பஸ்ஸில் ஜன்னலோரம் நானும் பக்கத்தில் அவளுமாக உட்கார்ந்திருந்தோம். புதிதாக வாங்கிய ஹெட்போனை மாட்டி, பழைய முகத்தை வைத்துக்கொண்டேன்.

“என்ன, இதுவும் சரியில்லையோ?” என்றாள்.

“இடது பக்கம் செத்துப்போச்சு. எல்லாரும் கள்ளர்.”

“இஞ்ச தாங்கோ. ஒருக்கா நானும் பாப்பம்.”

கொண்டையைக் கலைக்காமல் கவனமாக மாட்டிக்கொண்டாள். அவள் அதுவரை அதைப் போட்டுப் பார்த்ததில்லை. போட்டதும் முகம் சுளித்துச் சக்கரத்தைக் கீழே தள்ளினாள். “ஐயோ, என்ன சத்தமப்பா இது! மனுசர் கேக்கிற சத்தமே?” கொஞ்ச நேரம் பனையெண்ணெய்த் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “ரெண்டு பக்கமும் வடிவாக் கேக்குதே” என்றாள்.

“பஸ் ஆடினதில வயர் சரியாயிருக்கும். தா.”

மாட்டினேன். வலது பக்கம் மட்டும்.

“இல்லை” என்றேன்.

“மாத்திப் போட்டுப் பாருங்கோவன்.”

“L இடதுக்கு. எழுதியிருக்கு, பாக்கேல்லையே?”

“எழுதினவன் இந்த பஸ்ஸிலயே வாறான்? ஆர் வந்து கேக்கப் போகினம்?” சொல்லிக்கொண்டே என் தலையிலிருந்து எடுத்துத் திருப்பி, குழந்தைக்குத் தொப்பி போடுவது போல மாட்டிவிட்டாள்.

அதுவரை செத்துக்கிடந்த வட்டம் என் வலது காதில் பாடியது. பாடிக்கொண்டிருந்த வட்டம் இடது காதில் செத்துப்போனது.

நான் மறுபடி திருப்பினேன். மறுபடியும் ஒரு தடவை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பஸ் இரைச்சலில் மனைவி ஏதாவது சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அவள் என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். சற்று முன்பு பேசியதெல்லாம் எப்படிக் கேட்டது என்று அப்போதுதான் யோசித்தேன். அவள் பேசும்போதெல்லாம் நான் முழுதாகத் திரும்பி அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இவர் என் முகத்தையே பார்க்கிறார் என்று அவள் தங்கையிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அதையும் அன்றைக்கு அந்த விசேஷ வீட்டில்தான் அறிந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காது டாக்டர் சின்ன வயதுப் பெண். தமிழ்ப் பெண். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் வந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரீட்சைகளில் நான் எப்போதும் நன்றாகச் செய்கிறவன். வராத சத்தங்களுக்கும் சிலவற்றை அழுத்தி வைத்தேன்.

“அங்கிள், கேக்காமலேயே அழுத்தினீங்களா?” என்றாள்.

“கொஞ்சம்.”

“இடது பக்கம் நரம்பு போச்சு, அங்கிள். அதுக்கு மருந்து இல்ல. ஆனா எனக்குக் கவலை வலது காதுதான். நல்லா இருக்க வேண்டியது. அதுவும் இறங்கியிருக்கு. சத்தமான இடத்துல வேலையா?”

“ஃபைல்தான். ஃபைல் சத்தம் போடாது.”

“அப்போ ஹெட்போன் போடுற பழக்கம் உண்டா?”

என் வாழ்க்கையில் ஒருவர் அந்தக் கேள்வியை அக்கறையோடு கேட்டது அதுதான் முதல் தடவை. பாய் கடைத் தைவானில் தொடங்கி சுங்கை வே வரைக்கும் உற்சாகமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் முழுச் சத்தத்தில் வைத்துத்தான் கேட்டேன், இருந்தும் இடது பக்கம் வரவில்லை என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“இடது பக்கம் வரலைன்னு சத்தத்தைக் கூட்டுனீங்க. சரி. அந்தச் சத்தம் எல்லாம் எங்க போச்சு, அங்கிள்? நல்ல காதுலதானே வாங்கியிருக்கீங்க?”

சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். மரியாதைக்காகத்தான் தாழ்த்தினாள். இருந்தாலும் அது முழுவதும் எனக்குக் கேட்டது. இனி ஹெட்போனே கூடாது என்றாள். வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், எவ்வளவு வேகம் என்று சொல்ல முடியாது, பேச்சுக்கு மெஷின் வைக்கலாம் என்றாள். பாட்டுக்கு என்ன என்று கேட்டேன். மேசையில் இருந்த காதுப் படத்தை நேராக நகர்த்தி வைத்தாள்.

இப்போது மெஷின் வைத்திருக்கிறேன். பேச்சை அது கெட்ட டெலிபோன் மாதிரி கொண்டுவந்து சேர்க்கிறது. நாகஸ்வரத்தைக் கொடுத்தால் தகரத்தைச் சுரண்டித் தருகிறது. வீணையைக் கரண்டி விழுகிற சத்தமாக்குகிறது. தோடியை நான் முழுதாகக் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் போவதில்லை. ஒரு நல்ல காதை வைத்துக்கொண்டு அமைதியாகப் பாதியைக் கேட்டிருக்கலாம். மீதியைத் தேடப் போய்ப் பாதியையும் தொலைத்தேன். இதைச் சிரிக்கும்படி எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். பஸ் வரைக்கும் நன்றாக வருகிறது.

கேசட் பெட்டியை மனைவி எடுத்துக்கொண்டாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்தபின், குசினியில் சமைக்கும்போது மாட்டிக்கொள்வாள். ஹெட்போன் போட்டவர்கள் தங்கள் குரலைத் தாங்கள் கேட்பதில்லை. அதனால் அவள் கூடவே பாடுகிறாள், உரக்க, சுருதியை எங்கோ விட்டுவிட்டு. முன்பு அவள் வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. வாத்தியத்தை நாசமாக்கும் மெஷின் ஒற்றைக் குரலை அவ்வளவு கெடுப்பதில்லை. எந்த இடத்தில் பாட்டு ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று அவள் தப்பாகப் பாடுவதை வைத்தே பிடித்துக்கொள்வேன். என் சங்கீதம் இப்போது அதுதான்.

தீபாவளி வரை கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்க முடிந்தது. பிறகு நாற்காலியைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் போட்டேன். நேற்றுக் குசினி வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாற்காலி வழியை அடைத்ததும் அவள் திரும்பிப் பார்த்து, ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கினாள்.

“என்னப்பா, பசிக்குதோ?”

“ஓம், பசிக்குது” என்றேன்.