சுழி சுத்தமான காளை

கடல் கடந்து குடியேறிய கேட்டி நகருக்கு வெளியே வாங்கிய நிலத்தில் மாடு வளர்க்கலாம் என்று, பொலிகாளை எடுக்க நானும் கணவரும் ஏலத்துக்கு வந்திருந்தோம். இரும்புக் கதவை ஒரு கறுப்புக் காளை முட்டியது. அந்தச் சத்தத்தில் காங்கேயத்துச் சந்தைப் புழுதி என் மூக்கில் ஏறியது.

அன்று அப்பா காளையின் முதுகெல்லாம் தடவி மயிர்ச்சுழி பார்த்தார். "கண்ணு மெரளுதுங்க, வேண்டாம்" என்றாள் அம்மா.

"சுழி சுத்தமா இருக்குது. நீ பேசாம இரு."

தை முடிவதற்குள், தண்ணி காட்டப் போன அம்மாவை அது குத்திக் கொன்றது. அடக்கம் முடிந்து வந்த அப்பா, ஈர வேட்டியோடு மறுபடி அதன் முதுகைத் தடவினார்.

"சுழி சரியாத்தானே இருக்குது!"

இங்கே ஏலத்தில் கறுப்புக் காளையைக் காட்டி, "இதோட கண்ணு மெரளுதுங்க" என்றேன் கணவரிடம்.

"வம்சம், வெயிட், எல்லா பேப்பரும் பக்கா. நீ சும்மா இரு" என்றார். கை ஏற்கெனவே ஏலத்துக்கு உயர்ந்திருந்தது.